உடன் பணிபுரிவோர் தவறிழைத்தால்...

 



சென்ற ஆண்டில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பிறகும், ஒரு வாலிபர் மட்டும் தூணோரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அருகே சென்று விசாரித்தோம். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். ஆனால் பெயர் சொல்ல மாட்டேன்" என்றார். பெயர் சொல்லாவிட்டாலும், அவர் சொல்லிக்கொண்டு போகையில் அது யாரென்று நமக்குப் புரிந்துவிட்டது. சிறிய ஊர், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்.

அந்த வாலிபர் ஒரு வத்தல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். சம்சாரிகள் மூட்டை மூட்டையாக மிளகாய் வத்தலைக் கொண்டுவந்து இறக்குவார்கள். தராசில் மூட்டையை ஏற்றி எடையைக் கூவுகிறவர் ஒருவர். கூவியதைச் சீட்டில் எழுதுகிறவர் இந்த வாலிபர். கூவுகிறவர் அந்த மண்டியில் 20 ஆண்டு அனுபவம் உள்ளவர். இவருடைய வாப்பா மௌத்தான பிறகு, குடும்பம் தத்தளித்த நேரத்தில், முதலாளியிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. இவர் அவரைக் காக்கா என்றுதான் அழைப்பார்.

ஒரு நாள் தராசின் எண் பலகை தற்செயலாக இவர் பக்கம் திரும்பியிருந்தது. தராசு 31 என்று காட்டியது. காக்கா 30 என்று கூவினார். சாக்குக்கான கழிவு பிறகு தனியாகக் கழிக்கப்படுவது வழக்கம். ஆகவே இது அதுவன்று. அடுத்த மூட்டையிலும் அப்படியே. அதற்கடுத்த மூட்டையிலும் அப்படியே. மூட்டைக்கு ஒரு கிலோ. அன்று மாலை கணக்கில் வராத வத்தல் இரண்டு சாக்குகளில் பின்வாசல் வழியே வெளியேறியது. சம்சாரிக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. வயதான சம்சாரி ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் முடிந்துகொண்டு போனாராம். அந்தச் சீட்டை எழுதியது தன் கை என்பதுதான் அந்த வாலிபரை உறங்கவிடாமல் செய்தது.

"ஹஜ்ரத், ஒரு முஸ்லிமின் குறையை மறைக்கிறவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று நீங்களே ஜும்ஆ பயானில் சொன்னீர்கள். காக்கா முதல் ஸஃப்பில் தொழுகிறவர். எனக்குச் சோறு போட்டவர். நான் மறைக்கவா, சொல்லவா?"

நாம் அன்று என்ன பதில் சொன்னோம் தெரியுமா? "பொறுமையாக இருங்கள் தம்பி, யோசித்துச் சொல்கிறோம்" என்றோம். இரண்டு வாரங்கள் யோசித்தோம்! அல்லாஹ்வின் வீட்டில் இருந்துகொண்டு உண்மையை மறைப்பானேன்? நமக்கு மஸ்அலா தெரியாமல் இல்லை. அந்தக் காக்கா நம் பள்ளிவாசலுக்கு மாதந்தோறும் சந்தா கொடுப்பவர். ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி அனுப்புகிறவர். நம்மைக் கண்டால் தோளிலுள்ள துண்டை எடுத்துவிட்டு ஸலாம் சொல்பவர். அவர் முகத்தை எப்படி முறிப்பது என்பதே நம் யோசனையாக இருந்தது. அந்த இரண்டு வாரங்களில் எத்தனை மூட்டைகள் அந்தத் தராசில் ஏறி இறங்கின என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

இந்தக் கட்டுரை அந்த வாலிபருக்கு அன்றே நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில். சம்பந்தப்பட்ட இருவரின் அனுமதியோடு, ஊரையும் பெயரையும் மறைத்து எழுதுகிறோம்.

மறைப்பது எது? சொல்வது எது?

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை இம்மையிலும் மறுமையிலும் அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் குறையை என்பதுதான் கேள்வி.

ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒருவர் எப்போதோ சறுக்கி விழுந்தார். அது நடந்து முடிந்துவிட்டது. அவர் தீமையில் ஊறியவருமல்லர். அத்தகைய குறையை மறைப்பதுதான் சிறப்பு. ஆனால் ஒருவர் பாவத்தைச் செய்துகொண்டே இருக்கிறார், அது நம் கண்முன்னே நடக்கிறது என்றால், அதைத் தடுப்பதே கடமை. தடுக்க இயலாதபோது, தடுக்கக் கூடியவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

சகோதரர்களே! ஒரு மனிதர் தம் அறைக்குள் செய்யும் பாவம் அவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடையில் உள்ளது. அவர் தவ்பா செய்தால் கணக்குத் தீர்ந்துவிடலாம். தராசில் செய்யும் பாவமோ அடியார்களின் ஹக்கு. அங்கே வேறொருவரின் வியர்வை பறிபோகிறது. அந்த வேளையில் நாம் மறைப்பது காக்காவின் மானத்தையா? அன்று, சம்சாரியின் நஷ்டத்தை! ஒருவருடைய குறைக்குப் போர்வை போர்த்த வேண்டுமென்றால், அந்தப் போர்வையை இன்னொருவரின் உடலிலிருந்து உருவி எடுக்கக் கூடாது.

எழுதிய கை யாருடையது?

அளவில் மோசடி செய்வோரைப் பற்றித் திருமறையில் ஓர் அத்தியாயமே இறங்கியுள்ளது. 83ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன், மக்களிடமிருந்து வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்ற எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறது. ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் வாசிகளுக்கு, அல்லாஹ் ஒருவனையே வணங்குங்கள் என்ற உபதேசத்தை அடுத்து முதலில் சொன்னதும் அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள் என்பதே (11:84). தொழுகைப் பாயும் தராசுத் தட்டும் ஒரே மார்க்கத்தின் இரு பக்கங்கள்.

அந்த மண்டியின் தராசில் குற்றமில்லை. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரையிடப்பட்ட தராசுதான் அது. தராசு பொய் சொல்லவில்லை. நாக்குத்தான் பொய் சொன்னது. அந்தப் பொய்யைச் சீட்டாக்கியது இன்னொருவர் கை.

"நான் கேட்டதைத்தானே எழுதினேன்?" என்று அந்த வாலிபர் நம்மிடம் கேட்டார். அறியாமல் எழுதிய நாள்கள் வேறு. அறிந்த பின் எழுதிய நாள்கள் வேறு. வட்டியைப் பற்றி ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதை நினைத்துப் பாருங்கள். வாங்குபவர், கொடுப்பவர் ஆகிய இருவரோடு, அதை எழுதுகிறவரையும் சாட்சிகளையும் சேர்த்தே நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். எழுதியவருக்கு அந்த வட்டியில் ஒரு காசும் கிடைத்திராது. ஆயினும் அவர் தப்பவில்லை. நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். பாவத்திலும் வரம்பு மீறுதலிலும் உதவக் கூடாது என்பது அல்லாஹ்வின் கட்டளை (5:2). தீய காரியத்திற்குச் சிபாரிசாக நிற்பவருக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்றும் எச்சரிக்கிறான் (4:85).

இன்று அலுவலகங்களில் நடப்பதைப் பாருங்கள். வராத நண்பருக்காக வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம். போகாத ஊருக்குப் பயணப்படி கேட்கும் சீட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம். மேசைக்குக் கீழே உறை கைமாறும்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். நமக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நாம் சுத்தம் என்று எண்ணிக்கொள்கிறோம். பணத்தில் பங்கு வேண்டாம் என்றோம். பாவத்தில் பங்கு வேண்டாம் என்று எப்போது சொன்னோம்?

கப்பலின் அடித்தட்டு

"எனக்கேன் வம்பு? அவரவர் கபுரில் அவரவர் கேள்வி" என்பார் சிலர். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது உண்மையே. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தது யார் சுமை? அது நம் சுமையல்லவா?

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் புகாரியில் வரும் கப்பல் உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு கப்பலில் சீட்டுப் போட்டுச் சிலர் மேல்தட்டிலும் சிலர் அடித்தட்டிலும் இடம் பெறுகிறார்கள். அடித்தட்டில் உள்ளவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே வந்து போகவேண்டியுள்ளது. மேலே இருப்பவர்களுக்கு ஏன் தொல்லை, நம் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோமே என்று அவர்கள் எண்ணுகிறார்கள். மேலே இருப்பவர்கள் அப்படியே விட்டுவிட்டால் அனைவருக்கும் அழிவு. அவர்கள் கைகளைப் பிடித்துத் தடுத்தால் அனைவருக்கும் ஈடேற்றம்.

இந்த உவமையில் ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டை போடுகிறவர் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. வேலையிடத்தில் தவறு செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கும்: சம்பளம் போதவில்லை, மகளுக்குக் கல்யாணம், முதலாளி மட்டும் யோக்கியமா? நியாயங்கள் ஆயிரம் இருந்தாலும், தண்ணீர் உள்ளே வருவது ஓட்டை வழியாகத்தான். நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த வழி, அவரைக் கடலில் தள்ளுவதன்று; அவர் கையைப் பிடிப்பது.

முதலில் உறுதி செய்யுங்கள்

கையைப் பிடிக்குமுன் அந்தக் கையில் உளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுங்கற்றவன் ஒரு செய்தியோடு வந்தால், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதிருக்க, அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (49:6). அதே அத்தியாயத்தின் 12ஆவது வசனத்தில், அதிகமான சந்தேகம், துருவித் துருவி ஆராய்தல், புறம் பேசுதல் ஆகிய மூன்றையும் தடுக்கிறான். தீமையைத் தடுக்கிறவர், அது தாமாக வெளிப்பட்டால்தான் தலையிட வேண்டும். உளவு பார்த்துத் தோண்டி எடுக்கக் கூடாது என்பது இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் கூறப்படும் நிபந்தனைகளுள் ஒன்று.

நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் மாறு. சக ஊழியருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டால் அன்றுதான் அவருடைய நேர்மையைப் பற்றிய சந்தேகம் நமக்குப் பிறக்கிறது. புதிதாக ஒரு வண்டி வாங்கினால், "எங்கிருந்து வந்தது பணம்?" என்று டீக்கடையில் பஞ்சாயத்துக் கூடுகிறது. பத்துப் பேரிடம் சொல்வோம். தவறு செய்தவரிடமும் சொல்ல மாட்டோம், அதைத் திருத்தும் அதிகாரம் உள்ளவரிடமும் சொல்ல மாட்டோம்! இது நீதிக்காகப் பேசுவதன்று. இறந்த சகோதரனின் மாமிசத்திற்கு உவமை கூறப்பட்ட அந்தப் பேச்சு.

ஆகவே நம் உள்ளத்தையும் ஒரு முறை நிறுத்துப் பார்க்க வேண்டும். இவர் மீது எனக்குப் பழைய பகை ஏதேனும் உண்டா? இவர் வீழ்ந்தால் எனக்கு லாபமுண்டா? இதே தவறை என் மைத்துனர் செய்திருந்தால் நான் இப்படித்தான் துடித்திருப்பேனா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்லாஹ் கூறியிருக்கிறான் (5:8).

தனிமையில் ஒரு வார்த்தை

உறுதியானால் முதற்படி நஸீஹத்து. அதுவும் தனிமையில். ஃபிர்அவ்னிடம் மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகிய நபிமார்களை அனுப்பும்போதே மென்மையாகப் பேசும்படிதான் அல்லாஹ் சொல்லியனுப்பினான் (20:44). நம் சக ஊழியர் ஃபிர்அவ்னைவிடக் கெட்டவருமல்லர். நாம் மூஸா நபியைவிட மேலானவர்களுமல்லர்.

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்த வரலாறு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பதவியோடு வரும் பரிசு எது என்று அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. ஆனால் மிம்பரில் ஏறி மக்களுக்குச் சொல்லும்போது அவர் பெயரைக் குறிப்பிடாமல், நாம் அனுப்பும் ஓர் ஊழியர் இவ்வாறு சொல்கிறாரே என்றுதான் பேசினார்கள். தவறு பகிரங்கமானது, மனிதரின் பெயர் பகிரங்கமாக்கப்படவில்லை. எத்தகைய நாகரிகம்!

இரண்டு வாரங்கள் கழித்து நாம் அந்த வாலிபரை அழைத்து, முதலில் நம் தாமதத்திற்காக மன்னிப்புக் கேட்டோம். பிறகு இவற்றைச் சொன்னோம். மறுநாள் பகல் சாப்பாட்டு வேளையில், கிடங்கில் வேறு யாரும் இல்லாதபோது, அவர் காக்காவிடம் பேசினார். "காக்கா, இத்தனை நாள் நானும் எழுதியிருக்கிறேன். இனிமேல் தராசு காட்டுவதைத்தான் எழுதுவேன். நீங்களும் விட்டுவிடுங்கள்" என்றார். இமாம்களின் கிதாபுகளில் தேடினாலும் இதைவிடச் சிறந்த நஸீஹத்து கிடைக்காது. குற்றவாளிக் கூண்டில் தம்மையும் நிறுத்திக்கொண்டு பேசினார்.

"வேலை வாங்கிக் கொடுத்தவனுக்கே பாடம் நடத்துறியா?" என்றாராம் காக்கா. ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. அடுத்த வாரம் சீட்டு எழுத வேறொரு பையனை வைத்துக்கொண்டார்.

பொறுப்பாளரிடம் சொல்வது புறம் பேசுவதா?

தீமையைக் கண்டவர் கையால் மாற்ற வேண்டும், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் வெறுக்க வேண்டும், அது ஈமானின் மிகப் பலவீனமான நிலை என்ற கருத்தில் அபூ ஸயீத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது பிரபலமானது. மண்டியில் கையால் மாற்றும் அதிகாரம் முதலாளிக்கு உண்டு. ஊழியருக்கு நாவு உண்டு. நாவால் காக்காவிடம் சொல்லிப் பயனில்லாதபோது, கை உள்ளவரிடம் சொல்வதே அடுத்த படி.

இது கோள் சொல்வதாகாதா? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ரியாளுஸ் ஸாலிஹீனில், ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேச அனுமதிக்கப்படும் காரணங்கள் ஆறு என்று எண்ணிக் காட்டுகிறார்கள். அநீதிக்குள்ளானவர் அதிகாரியிடம் முறையிடுவதும், ஒரு தீமையைத் தடுக்க வல்லவரிடம் உதவி கேட்பதும், பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். தேவையான அளவு, தேவையானவரிடம் மட்டும் என்பதே எல்லை.

சொல்லும்போது கண்டதைச் சொல்லுங்கள்; ஊகித்ததைச் சேர்க்காதீர்கள். நாள், நேரம், எண் இவற்றோடு எழுதி வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தம் பங்கையும் மறைக்காதீர்கள். தமக்கும் பெற்றோருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அல்லாஹ் கூறும்போது (4:135), தம்மை விட்டுவிட்டுச் சாட்சி சொல்வது எப்படி முழுமையாகும்?

ஆபத்துள்ள இடங்களில் தனியாகக் குதிக்கவும் வேண்டாம். தங்க நாற்கரச் சாலைப் பணியில் தாம் கண்ட முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தம் பெயரை வெளியிட வேண்டாமென்றும் கேட்டுக்கொண்ட சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளர், 2003 நவம்பரில் பீகாரின் கயா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரோடு அந்தக் கடிதம் பல மேசைகளுக்குப் போயிருந்தது தேசத்தையே தலைகுனிய வைத்தது. அதன் பின்னரே, 2004இல், மத்திய அரசு ஊழியர்களைப் பற்றிய இத்தகைய புகார்களைப் பெற்று, எழுதியவர் பெயரை இரகசியமாகக் காக்கும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கும் பெயரோடுதான் எழுத வேண்டும். மொட்டைக் கடிதம் ஏற்கப்படாது. நம் மாநிலத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. உடன் பணிபுரியும் பெண்ணிடம் ஒருவர் முறைகேடாக நடந்தால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டுமென 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. அத்தகைய விஷயத்தில் பாதிக்கப்பட்ட சகோதரியின் விருப்பத்தை முதலில் கேளுங்கள். அவருடைய துன்பத்தை ஊர்க்கதையாக்காமல், அவருக்குத் துணையாகவும் சாட்சியாகவும் நில்லுங்கள்.

உயிருக்கு அஞ்சும் நிலையில் உள்ளத்தால் வெறுப்பதோடு நிற்பவரை மார்க்கம் பழிக்கவில்லை. ஆனால் சந்தா நின்றுவிடும் என்று அஞ்சுவது உயிரச்சமா? நாம் நம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி இது.

நம்மவர் என்பதால்...

அந்த வாலிபர் முதலாளியிடம் போகப்போகிறார் என்று அறிந்த உறவினர் சிலர் அவரைத் தடுத்தார்கள். "போயும் போயும் நம்ம ஆளையா காட்டிக் கொடுப்பே? நட்டம் யாருக்கு? வெளியூர்ச் சம்சாரிக்குத்தானே? அவர்கள் நம் கூட்டமா?" என்றார்கள்.

சகோதரர்களே! இந்தக் கேள்விக்கு மதீனாவிலேயே பதில் இறங்கிவிட்டது. அன்னிஸா அத்தியாயத்தின் 105ஆவது வசனம் தொடங்கி வரும் வசனங்கள் இறங்கிய காரணமாகத் தஃப்ஸீர்களில் ஒரு சம்பவம் அறிவிக்கப்படுகிறது. முஸ்லிம்களோடு இருந்த ஒருவர் ஒரு கவசத்தைத் திருடிவிட்டு, பழியை ஒரு யூதர் மீது போட்டார். அவருடைய குலத்தார் திரண்டு வந்து, நம் ஆள் நிரபராதி என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் வாதாடினார்கள். மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று அல்லாஹ் வஹீ அருளினான். யூதர் குற்றமற்றவர் என்பது வெளிப்பட்டது. மார்க்கம் ஒன்றாக இருந்தது திருடியவருக்குக் கேடயமாகவில்லை. மார்க்கம் வேறாக இருந்தது நிரபராதிக்குக் குற்றமாகவில்லை.

அநியாயம் செய்தாலும், அநியாயத்திற்குள்ளானாலும் சகோதரனுக்கு உதவும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். அநியாயம் செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் வியந்து கேட்டபோது, அவனை அதிலிருந்து தடுப்பதே உதவி என்ற விளக்கத்தைத் தந்தார்கள். இது அனஸ் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியில் வருகிறது. நம்மவர் என்றால் நமக்குப் பொறுப்பு குறைவதில்லை; கூடுகிறது.

வீழ்ந்தவரை மிதிக்காதீர்கள்

வாலிபர் முதலாளியிடம் சென்றார். தாம் அறிந்து எழுதிய சீட்டுகளைப் பற்றியே முதலில் சொன்னார். முதலாளி உடனே நம்பிவிடவில்லை, அதுவே சரி. மறுநாள், நிறுத்து முடிந்த பத்து மூட்டைகளை வேறொரு தராசில் தாமே நிறுத்துப் பார்த்தார். உண்மை வெளிவந்தது. காக்கா வேலையிலிருந்து நின்றார். சீட்டுகளைக் கொண்டு கண்டுபிடிக்க முடிந்த சம்சாரிகளுக்குக் குறைந்த எடைக்கான பணம் கொடுக்கப்பட்டது. கண்டுபிடிக்க முடியாதவர்களின் பங்கு அவர்கள் பேரில் தர்மம் செய்யப்பட்டது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணியைக் குறை சொல்லாமல் விற்றுவிட்டபோது, வாங்கியவர் இன்னார் என்று தெரியாததால் அந்தப் பணத்தை இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டதாக அவர்களின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. கூட்டாளியின் தவறுக்குத் தம் பையிலிருந்து ஈடு செய்தவர்கள் நம் இமாம்கள்.

அத்தோடு ஊர் விட்டதா? காக்காவை விருந்துகளில் ஒதுக்கினார்கள். இல்லாத கதைகளும் சேர்ந்தன. மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தவறு நடக்கும்போது வாய் திறக்காத நாம், தவறியவர் வீழ்ந்த பிறகு வாய் மூடுவதில்லை!

காக்கா பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டதாக அறிந்து நாம் அவர் வீட்டுக்குச் சென்றோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "ஹஜ்ரத், அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் உண்டு. அது போயிடும். அவன் என்கிட்ட நேரா வந்து சொன்னான். ஆனா உங்களுக்கு அதுக்கும் முன்னாடியே தெரியுமாமே? ஒரு நாள் என் தோளில் கைபோட்டு, 'என்ன காக்கா இது?'ன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே. என் அரிசி உங்களுக்கு அவ்வளவு பெரிசாப் போச்சா?"

நம்மால் பதில் பேச முடியவில்லை. அவர் உண்மையிலேயே நிறுத்தியிருப்பாரா என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால் கேட்காமலிருந்தது நம் குற்றம். ஓட்டை போட்டவரே வந்து, ஏன் என் கையைப் பிடிக்கவில்லை என்று நம்மிடம் கேட்கிறார். கியாமத் நாளில் கேட்பதற்குப் பதிலாக இம்மையிலேயே கேட்டுவிட்டாரே என்று வல்ல நாயனுக்கு நன்றி செலுத்தித் திரும்பினோம்.

காக்கா இப்போது ஜும்ஆவுக்கு வருகிறார். கடைசி ஸஃப்பில் நிற்கிறார். அந்த வாலிபர் ஒவ்வொரு வெள்ளியும் அவரைத் தேடிப் போய் முந்திக்கொண்டு ஸலாம் சொல்கிறார். சில வாரங்கள் பதில் வருகிறது. சில வாரங்கள் உதடு மட்டும் அசைகிறது.

அன்பர்களே! நாளை நீங்கள் வேலைக்குச் செல்லும்போது உங்கள் அருகில் இருப்பவர் உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவராக இருக்கலாம். உங்கள் நண்பராக, உறவினராக, மேலதிகாரியாக இருக்கலாம். அவர் கை தவறும் பக்கம் போவதைக் கண்டால், ஊராரிடம் பேசாதீர்கள். உங்கள் கையெழுத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் அவரிடம் பேசுங்கள். அவர் கேளாவிட்டால் தடுக்க வல்லவரிடம் சொல்லுங்கள். அவர் வீழ்ந்தால் அவர் வீட்டுக்குப் போங்கள். ஆனால் எதைச் செய்தாலும் காலம் தாழ்த்தாதீர்கள். நாம் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தராசு ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை உண்மைக்கும், எங்கள் கைகளை நீதிக்கும் உரியனவாக்குவாயாக! பிறர் உழைப்பில் ஓர் அணுவும் எங்கள் உணவில் கலவாமல் காப்பாயாக! தவறிழைக்கும் சகோதரரை அன்போடு தடுக்கும் துணிவையும், தடுக்கப்படும்போது ஏற்றுக்கொள்ளும் பணிவையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.